தர்பார் எப்படி டெல்லியாச்சுன்னு ஒரே நாள்ல நடந்து பார்க்க

டெல்லி ரோடு எல்லாம் எப்படி வந்துச்சுன்னு மதுரைக்காரங்களுக்கு சட்டுன்னு புரியும். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதின்னு திருவிழா மாசத்து பேரையே தெருவுக்கு வச்சிருக்காங்க, சாமி போற பாதைதான் ஊரோட அமைப்பு. டெல்லியையும் அதே கண்ணால பாருங்க, இது எந்த ஊர்வலத்துக்குப் போட்ட ரோடுன்னு கேட்டுட்டே நடங்க.

எல்லாரும் நேரா இந்தியா கேட் போயிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி போகாதீங்க, வடக்குலேருந்து ஆரம்பிங்க. தெற்கு டெல்லியில முனிர்க்கா பக்கம் இருக்கவங்க மெட்ரோவுல ஹவுஸ் காஸ்ல மஞ்ச லைன் மாறி ஜிடிபி நகர்ல இறங்கி ஆட்டோ பிடிச்சா கரோனேஷன் பார்க். தர்பார்னா பிரிட்டிஷ் ராஜா ராணிக்காக நடத்தின பெரிய அரசவை விழா; 1877, 1903, 1911 மூணும் இங்கதான். 1911 டிசம்பர் 12ல பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கல்கத்தாலேருந்து தலைநகரம் இங்க வருதுன்னு அறிவிச்சார், மூணே நாள்ல, 15ம் தேதி, பந்தல் பிரிக்கிறதுக்குள்ள அடிக்கல்லும் நட்டாச்சு. ஆனா நகரம் அங்க வரல, அப்புறம் யோசிச்சு தெற்கே ரைசினா மேட்டுக்கு மாத்திட்டாங்க. இப்ப மிச்சம் இருக்கறது ஒரு கல்தூணும் சில வெள்ளைப் பளிங்குச் சிலைகளும்தான். ஜார்ஜ் சிலையை நல்லா பார்த்து வச்சுக்கோங்க, மத்தியானம் வேணும்.

திரும்பி அதே லைன்ல சென்ட்ரல் செக்ரட்டேரியட், அங்கேருந்து முதல்ல கிழக்கே இந்தியா கேட். 1921ல அடிக்கல், 42 மீட்டர் உயரம், மேல 13,000க்கும் அதிகமான சிப்பாய்ங்க பேரு, அதுக்கு கொஞ்சம் டைம் குடுங்க. பின்னாடி இருக்க கல் மண்டபத்துலதான் காலையில பார்த்த அந்த ஜார்ஜ் சிலை முன்னாடி நின்னுச்சு, 1968ல தர்பார் நடந்த எடத்துக்கே கொண்டுபோய் விட்டாங்க, 2022லேருந்து அங்க நேதாஜி.

இப்ப மேற்கே திரும்பி கர்தவ்ய பாத்ல நடங்க, கிங்ஸ்வேன்னு ஊர்வலத்துக்காகவே போட்ட ரோடு. விஜய் சௌக் நெருங்க நெருங்க ராஷ்டிரபதி பவன் மேட்டுக்குப் பின்னாடி இறங்கி மறையும், மேல இருக்க குவிமாடம் மட்டும் தெரியும், இந்தச் சரிவுக்காக புது டெல்லியை வடிவமைச்ச கட்டிடக்கலைஞர்கள் லட்யன்ஸும் பேக்கரும் வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க. எனக்கு இந்த எடம்தான் ரொம்பப் பிடிக்கும், நாலு அடி முன்னாடி பின்னாடி நடந்து பாருங்க.

ஜனவரியில மட்டும் வேண்டாம், குடியரசு தின ரிகர்சலுக்கு ரோடை அடைச்சிடுவாங்க, 1955லேருந்து அணிவகுப்பு நிரந்தரமா இங்கதான்.