விரைவு மறுகுடியமர்வு மானியம்: தணிக்கையில் சிக்கும் இடங்கள்

அமெரிக்காவில் வீடற்றோருக்கான அவசரத் தீர்வு மானியம், அதாவது ஈ.எஸ்.ஜி., கூட்டரசின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையான எச்.யு.டி.யிலிருந்து மாநிலங்கள், நகரங்கள், கவுண்டிகள் வழியாகத் தொண்டு நிறுவனங்களுக்கு வந்து சேர்கிறது. வீடற்றவரை விரைவில் வாடகை வீட்டில் குடியமர்த்தும் 'விரைவு மறுகுடியமர்வு' உதவியும் இதில் அடங்கும். கவுண்டி அளவில் இந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலையில், புதிதாக வருபவர்கள் அதே பழைய தவறுகளைச் செய்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கையொப்பம் விடுபடுவது, தேதி மாறுவது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

வாடகை வரம்பைப் பாதிக் கணக்கோடு முடிப்பது

வாடகை உதவி தர வேண்டுமானால், வீட்டின் மொத்த வாடகை எச்.யு.டி. ஆண்டுதோறும் அறிவிக்கும் நியாயச் சந்தை வாடகையைத் தாண்டக் கூடாது. அக்கம்பக்கத்து வாடகையோடு ஒப்பிட்டாலும் அது நியாயமாக இருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். அந்த மொத்தத்தில் எவை அடங்கும் என்பதில்தான் கோட்டைவிடுகிறார்கள். ஒப்பந்த வாடகையோடு, குடியிருக்கக் கட்டாயமாகச் செலுத்த வேண்டிய கட்டணங்களும், மின்சாரம், தண்ணீர் முதலியவற்றைக் குடியிருப்பவர் தனியே கட்டுவதானால் அவற்றுக்கு உள்ளூர் பொது வீட்டுவசதி ஆணையம் நிர்ணயித்த மாதப் படியும் சேர வேண்டும். தாமதக் கட்டணமும் செல்லப் பிராணிக்கான வைப்புத்தொகையும் மட்டும் சேராது.

ஒரு தொண்டு நிறுவனம், காப்பகத்தில் இரண்டு குழந்தைகளோடு இருந்த ஒரு தாய்க்கு இரண்டு படுக்கையறை வீடு பார்த்துக் கொடுத்தது. எண்களைச் சற்று மாற்றிச் சொல்கிறேன்: வரம்பு 1,550 டாலர், ஒப்பந்த வாடகை 1,480 டாலர். கேஸ் மேனேஜர் இரண்டையும் பார்த்துச் 'சரி' என்று குறித்துவிட்டார். அந்த வீட்டின் ஹீட்டர் மின்சாரத்தில் ஓடுவது, மின்கட்டணம் அந்தப் பெண்ணின் பெயரில். அதற்கான படி 118 டாலர். ஒப்பந்தத்தின் இணைப்புத் தாளில் குப்பை அகற்ற மாதம் 20 டாலர். கூட்டினால் 1,618.

கூடுதலான 68 டாலரை மட்டும் கழித்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. வரம்பைத் தாண்டிய வீட்டின் வாடகைக்கு ஈ.எஸ்.ஜி.யிலிருந்து ஒரு டாலர்கூடத் தர முடியாது. மிச்சத்தைக் குடியிருப்பவரே கட்டுவதாகச் சொன்னாலும் முடியாது. கள ஆய்வில் இது வெளிப்பட்டதும், அதுவரை கொடுத்த வாடகை முழுவதும் ஏற்கப்படாத செலவாகி, நன்கொடைப் பணத்திலிருந்து திரும்பக் கட்டப்பட்டது.

எனக்கு எரிச்சல் தருவது, இது எங்கிருந்து தொற்றுகிறது என்பதுதான். 2020ஆம் ஆண்டு கோவிட் நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டத்தின்கீழ் வந்த 400 கோடி டாலர் தனி ஒதுக்கீட்டில் இந்த வரம்பு தளர்த்தப்பட்டிருந்தது. அப்போது வேலை பழகியவர்கள் அந்தக் காலத்துப் படிவத்தையே இன்றும் புதியவர்களிடம் நீட்டுகிறார்கள்; அதில் படியை எழுத ஒரு கட்டமே இல்லை.

கையெழுத்தாகும் முன்பே உரிமையாளரிடம் பேசி, ஒப்பந்தத்திலேயே வாடகையைக் குறைக்கக் கேளுங்கள். அவர் இறங்கி வராவிட்டால், வாடகையை வேறு நிதியிலிருந்து கொடுத்துவிட்டு, முன்பணத்தையும் குடிபெயரும் செலவையும் மட்டும் ஈ.எஸ்.ஜி.யில் எழுதலாம், வாடகை உதவி இல்லாதபோது இந்த வரம்பு குறுக்கே வராது.

வருமானத்தைக் கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவது

விரைவு மறுகுடியமர்வில் சேரும்போது வருமான வரம்பு கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய மறுமதிப்பீட்டில்தான், பகுதியின் இடைநிலை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. வீடிழப்பைத் தடுக்கும் உதவிக்கோ தொடக்கத்திலேயே வருமானம் பார்க்க வேண்டும். மறுமதிப்பீடும் 3 மாதங்களுக்கு ஒருமுறை. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பப் படிவத்தை வைத்திருக்கும் அலுவலகங்களில் இந்தக் குழப்பம் தீரப்போவதில்லை.

சுயசான்றோடு நிறுத்திக்கொள்வது

ஒருவர் வீடற்றவர் என்பதற்கான சான்றில், காப்பகத்தின் கடிதமோ பதிவோ முதலில், பணியாளர் நேரில் கண்டு எழுதிய குறிப்பு அடுத்து, அவரே எழுதிக்கொடுக்கும் சுயசான்று கடைசியில். முந்தைய இரண்டையும் பெற என்ன முயற்சி எடுத்தீர்கள் என்பது கோப்பில் இருக்க வேண்டும். ஆனால் இரவில் காப்பக வாசலில் வந்து நிற்பவரிடம் சான்று இல்லை என்று கதவடைக்காதீர்கள். அதை விதியே தடுக்கிறது.

ஈட்டுத்தொகை

மானியத்துக்கு ஈடாக வேறு நிதியிலிருந்து உங்கள் பங்காகக் காட்டும் பணம் இது. ஒரே டாலரை இரண்டு மானியங்களுக்குக் காட்டாதீர்கள்.

24 மாதக் கெடு

மானியத்தைச் செலவழித்து முடிப்பதற்கான இந்தக் கெடு, மானிய ஒப்பந்தத்தில் எச்.யு.டி. கையொப்பமிட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும். தொண்டு நிறுவனத்தோடு நீங்கள் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து அல்ல.

பணக் கோரிக்கையை மேசையில் கிடத்துவது

முழுமையான கோரிக்கை வந்த 30 நாட்களுக்குள் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். வாடகை தாமதமாகி உரிமையாளர் அபராதம் விதித்தால், அதை மானியத்தில் எழுத முடியாது. தாமதித்த நிறுவனம்தான் வேறு பணத்திலிருந்து கட்ட வேண்டும்.