நாடகப் பிரதியை லிப்ரெஓபிஸ் ரைட்டரில் அமைப்பது எப்படி?

ஒத்திகையில் நடிகரின் கண் முதலில் தேடுவது தன் பாத்திரத்தின் பெயரைத்தான். பெயர்கள் இடப்பக்கமும் வசனம் அதற்கு வலப்பக்கம் ஒரே நேர்கோட்டிலும் நின்றால் தேடும் வேலை இல்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டி இதைக் கொண்டுவர முடியாது. 'அம்மா' ஒரு அகலம், 'சுந்தரமூர்த்தி' ஒரு அகலம். எழுத்தின் அளவை மாற்றினால் எல்லாம் கலையும். ரைட்டர் என்னும் சொற்செயலியில் ஸ்டைல் (ஒரு பெயரில் சேமித்து வைக்கும் வடிவமைப்பு) போட்டுத்தான் ஆகவேண்டும்.

1. முதலில் எழுத்துரு. டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் போய், மொழி அமைப்புகளில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்'டை இயக்கி, தமிழைத் தேர்ந்தெடுங்கள். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஸ்டைலின் ஃபான்ட் பக்கத்தில் வெஸ்டர்ன், காம்ப்ளெக்ஸ் என இரண்டு பகுதிகள் உண்டு. வெஸ்டர்னில் 14 என்று கொடுத்தால் ஆங்கில எழுத்துதான் பெரிதாகும், தமிழ் அசையாது. அளவு, தடிமன், எழுத்துரு மூன்றையும் காம்ப்ளெக்ஸ் பகுதியில் கொடுங்கள். எம்.எஸ். வேர்டிலும் இதே கதைதான். அங்கே 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்றிருக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், 12 புள்ளி.

2. எஃப்11 அழுத்தி 'வசனம்' என்று புதிய பத்தி ஸ்டைல் உருவாக்குங்கள். இண்டென்ட் பக்கத்தில் 'பிஃபோர் டெக்ஸ்ட்' 4 செ.மீ., 'ஃபர்ஸ்ட் லைன்' -4 செ.மீ. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் முதல் வரி இன்னும் உள்ளே ஓடிவிடும். பத்திக்குக் கீழே 0.2 செ.மீ. 'நெக்ஸ்ட் ஸ்டைல்' வசனமே.

3. தட்டச்சு செய்யும்போது பெயர், முக்காற்புள்ளி, ஒரே ஒரு டேப், பிறகு வசனம்:

அம்மா:	விளக்க ஏத்திட்டியா?
மூர்த்தி:	திரி இல்லம்மா.

பெயர் 4 செ.மீ.யைத் தாண்டினால் டேப் அடுத்த நிறுத்தத்துக்குத் தாவி, அந்த வசனம் மட்டும் தள்ளி நிற்கும். 'சுந்தரமூர்த்தி'யை 'மூர்த்தி' ஆக்குங்கள். முழுப்பெயர் பாத்திரப் பட்டியலில் இருந்தால் போதும். ஒரே வசனத்துக்குள் பாட்டு வரிகள் வந்தால் ஷிஃப்ட்+என்டர்.

4. அரங்கக் குறிப்புக்குத் தனி ஸ்டைல்: 4 செ.மீ. உள்ளே, 11 புள்ளி, அடைப்புக்குறிக்குள். சாய்வெழுத்து வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அசல் சாய்வு கிடையாது. மென்பொருள் நேரெழுத்தையே இழுத்துச் சாய்க்கும், மங்கலான மேடை வெளிச்சத்தில் படிக்கவே முடியாது. 'கீப் வித் நெக்ஸ்ட்' டிக் செய்துவிடுங்கள். "(கதவு தட்டப்படுகிறது)" ஒரு பக்கத்தின் அடியிலும், அதைக் கேட்டு எழுபவரின் வசனம் அடுத்த பக்கத்திலும் போய்விடக்கூடாது.

5. காட்சித் தலைப்புக்கு ஹெடிங் 1. எஃப்5 அழுத்தினால் நேவிகேட்டரில் காட்சிகள் வரிசையாகத் தெரியும். ஒரு காட்சியை இழுத்து இடம் மாற்றினால் அதன் வசனமும் கூடவே நகரும்.

எல்லாவற்றையும் இடப்பக்கம் சேர்த்தே வையுங்கள். இருபக்கமும் சமன்செய்தால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். இயக்குநர் பிரதிக்கு இடது ஓரம் 5 செ.மீ.; ஒளி, இசைக் குறிப்புகளைப் பென்சிலால் எழுத இடம் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பி.டி.எஃப். மட்டுமே.

பிற்சேர்க்கை: பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடித்த பழைய பிரதியில் எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துவிட்டு, முதல் படிக்கு வாருங்கள்.