டச்சில் 'ஹெ' எப்போது உதிரும்?

டச்சில் நடந்து முடிந்ததைச் சொல்ல 'ஹெப்' (ஆங்கில 'have' போல) போட்டு, வினையின் தலையில் 'ஹெ' (ge-) ஒட்டுவார்கள்; சில இடங்களில் அந்த 'ஹெ' உதிர்ந்துவிடும். சைக்கிள் பஞ்சரான கதையைச் சொல்லப் போய்த்தான் இந்த விதி எனக்குப் பிடிபட்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் மாலை டச்சு வகுப்பு, இருபது நிமிடம் தாமதம். மூச்சு வாங்க, 'இக் ஹெப் மைன் ஃபீட்ஸ் ஹெமூட்டன் டூவன்' என்றேன். சைக்கிளைத் தள்ள வேண்டியிருந்தது என்று சொன்னதாக நினைப்பு. ஆசிரியை அதை அப்படியே பலகையில் எழுதி, 'ஹெமூட்ட'னின் தலையில் இருந்த 'ஹெ'வை மட்டும் விரலால் அழித்தார். 'இக் ஹெப் மைன் ஃபீட்ஸ் மூட்டன் டூவன்.' அவ்வளவுதான் திருத்தம்.

'மூட்டன்' போன்ற துணைவினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் 'ஹெ' உதிர்ந்துவிடும். இரண்டு வினைகளும் அகராதியில் இருக்கும் வடிவத்திலேயே நிற்கும். மூட்டன் (வேண்டும்), குன்னன் (முடியும்), மோஹன் (அனுமதி உண்டு), வில்லன் (விருப்பம்) நான்குக்கும் இதே கதிதான். மோஹனும் வில்லனும் ஒரே பட்டியலில் வருவதால் நமக்கு மறக்காது.

பின்னால் வேறு வினை இல்லையென்றால் 'ஹெ' திரும்பி வரும். 'டட் ஹெப் இக் நீட் ஹெவில்ட்': அதை நான் விரும்பவில்லை. 'இக் ஹெப் ஹெட் நீட் ஹெகுன்ட்': என்னால் அது முடியவில்லை.

சரி, வரிசை எப்படி? இங்கே தமிழே கைகொடுக்கிறது. 'தள்ள வேண்டி இருந்தது' என்பதைப் பின்னாலிருந்து படியுங்கள்: இருந்தது, வேண்டி, தள்ள. ஹெப், மூட்டன், டூவன். அச்சு அசல். ஜெர்மன் படித்துவிட்டு வருபவர்கள்தான் பாவம், அங்கே கடைசி இரண்டும் இடம் மாறி நிற்கும். 'ஓம்டட்' (ஏனென்றால்) போட்டுத் தொடங்கினாலும் மூன்றும் அதே வரிசைதான், ஆனால் சைக்கிள் முன்னால் போய்விடும்: 'ஓம்டட் இக் மைன் ஃபீட்ஸ் ஹெப் மூட்டன் டூவன்.' இங்கே நான் பல மாதம் 'ஹெப்'பைக் கடைசியில் தள்ளிக்கொண்டிருந்தேன். நம் வாய்ப்பழக்கம் அது.

வருவது, போவது போன்ற வினைகளுக்குத் தனியாக வரும்போது 'ஹெப்'புக்குப் பதில் 'ஸைன்' (ஆங்கில 'be' போல) தேவை. துணைவினை சேர்ந்தால் 'ஹை ஹேஃப்ட் நீட் குன்னன் கோமன்', 'ஹை இஸ் நீட் குன்னன் கோமன்' (அவனால் வர முடியவில்லை; 'ஹேஃப்ட்' என்பது 'ஹெப்'பின் வடிவம், 'இஸ்' என்பது 'ஸைன்' வினையின் வடிவம்) இரண்டும் சரி; இரண்டாவது பெல்ஜியம் பக்கம் அதிகம் காதில் விழும்.

அப்புறம், பேச்சில் இந்த மூன்றடுக்கை எல்லா இடத்திலும் திணிக்க வேண்டாம். கதை சொல்லும்போது டச்சுக்காரர்கள் 'இக் மூஸ்ட் டூவன்' என்று நேரடி இறந்தகாலத்தில் போய்விடுவார்கள். காலையில் சிவந்த கண்ணோடு வந்து நிற்பவர் மட்டும் 'இக் ஹெப் நீட் குன்னன் ஸ்லாப்பன்' (என்னால் தூங்க முடியவில்லை) என்பார், தூங்காததன் விளைவு இன்னும் முகத்தில் இருக்கிறதே! காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: கடைசி 'ன்' பெரும்பாலும் விழுங்கப்பட்டு, 'குன்ன ஸ்லாப்ப' என்றுதான் கேட்கும்.