நிலை ரெகுலேட்டரில் மைனஸ் 22 பிழை: நான் சரிசெய்த விதம்

லினக்ஸில் சென்சார் டிரைவரின் புரோப் (சாதனத்தைத் தயார்செய்யும் தொடக்கப் படி) மைனஸ் 22, அதாவது 'தவறான மதிப்பு' என்ற பிழையோடு நின்றது. சென்சாருக்கு 2.7 முதல் 3.6 வோல்ட் வரை போதும். போர்டில் இருப்பது 3.3 வோல்ட் நிலை ரெகுலேட்டர், அதாவது ஒரே மின்னழுத்தத்தை மட்டும் தரும் மின்சப்ளை. டிரைவரோ மின்னழுத்தம் கேட்கும் செட்_வோல்டேஜ் அழைப்பில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டுக்கும் 28,00,000 மைக்ரோவோல்ட் கேட்டது. நிலை ரெகுலேட்டரில் மாற்ற எதுவும் இல்லை. கேட்ட வரம்புக்குள் 33,00,000 விழுந்தால் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 0, அதாவது வெற்றி என்று தரும், விழாவிட்டால் பிழைதான். வரம்பை 27,00,000–36,00,000 என்று விரித்ததும் புரோப் ஓடியது. பிழையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் திருத்தம் வேண்டாம். தவறான மின்னழுத்தம் உள்ள போர்டும் அதில் தப்பிவிடும்.

அடுத்து ஜிபிஐஓ, அதாவது ரெகுலேட்டரை இயக்கி அணைக்கும் பின். டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) 'எனேபிள்-ஆக்டிவ்-ஹை' இல்லையென்றால், ஜிபிஐஓ வரியில் ஆக்டிவ் ஹை (பின்னில் மின்னழுத்தம் உயர்ந்தால் இயங்கும்) என்று எழுதியிருந்தாலும் கர்னல் அதை ஆக்டிவ் லோ (தாழ்ந்தால் இயங்கும்) என்றே எடுத்துக்கொள்ளும். ஆக்டிவ் ஹை ரெகுலேட்டரில் எனேபிள் சொன்ன நொடியில் மின்சாரம் நின்றுவிடும். மல்டிமீட்டரை எனேபிள் பின்னில் வைத்தாலே தெரிந்துவிடும்.

பூட் ஆகி அரை நிமிடத்தில் மின்சாரம் போனால், யாரும் எனேபிள் செய்யாத ரெகுலேட்டர்களைக் கர்னல் அணைக்கிறது என்று பொருள். 'ஆல்வேஸ்-ஆன்' போட்டு மூடிவிடத் தோன்றும், பேட்டரி வீணாகும். டிவைஸ் ட்ரீயில் சென்சாரின் சப்ளை இணைப்பை எழுதி, டிரைவரே எனேபிள் செய்வதுதான் முறை. சப்ளை பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கர்னல் தரும் போலி (டம்மி) ரெகுலேட்டர் கிடைத்து எனேபிள் வெற்றி என்றே காட்டும். டீபக்எஃப்எஸ்ஸின் (கர்னலின் பிழைதேடும் கோப்புகள் இருக்கும் இடம்) ரெகுலேட்டர்_சம்மரியில் உங்கள் சென்சார் எந்த ரெகுலேட்டரின் கீழ் நிற்கிறது என்று பாருங்கள்.