வளையத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

1988-ல் பட்டர்வொர்த் விமானத் தளத்தை ஆஸ்திரேலியர்கள் மலேசியாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் அவர்களில் ஒரு குடும்பத்துக்கு என் அப்பா தோட்டவேலை பார்த்துவந்தார். போகும்போது அவர்கள் அப்பா கையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே 40 எல்.பி. இசைத்தட்டுகள். அப்பாவுக்கு டி.எம்.எஸ். குரல் போதும். பெட்டி அப்படியே 14 வயதுப் பையனான என்னிடம் வந்துசேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்'. பழுப்பு அட்டை, ரப்பர் ஸ்டாம்ப் குத்தியதுபோல் பெயர், அவ்வளவுதான். ஊசியை வைத்தால் படபடவென்று சத்தம். அழுக்கு என்று நினைத்து மூன்று முறை கழுவினேன், போகவில்லை. அப்புறம்தான் லேபிளைப் படித்தேன். 'படபடப்புச் சத்தம் இருக்கும், திருத்த வேண்டாம்' என்ற பொருளில் கையெழுத்தாகவே அச்சிட்டிருந்தார்கள். 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த நாடாவிலேயே ஏறிவிட்ட சத்தம் அது. 1995-ல் வந்த சிடி மறுபதிப்பில் அதைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். ஆறு பாட்டு பதினான்காகிவிட்டது. ஒரே கச்சேரி, ஒரே பெயர், ஆனால் காதுக்கு இரண்டும் வேறு வேறு. கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொண்டு வாங்குவதுதான் தட்டு சேர்க்கும் வேலையில் பாதி. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தட்டுதான்.

பினாங்கில் தேட ஆரம்பிக்க நல்ல இடம் லோரோங் கூலிட் சந்தை. மாநகர அரங்கத்துக்குப் பக்கத்தில், காலையில் தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்பார்கள். பழைய மின்விசிறிக்கும் துருப்பிடித்த ஸ்பேனருக்கும் நடுவில் ஒரு கட்டு எல்.பி. கிடக்கும். ஆஸ்திரேலிய அச்சுத் தட்டுகள் இந்த ஊரில் அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணம் அந்த விமானத் தளம்தான் என்று நான் நம்புகிறேன்.

"தம்பி, வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான், கீறலே கிடையாது" என்பார் அங்கே எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர். "அண்ணே, வெயில்ல காட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பேன். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தட்டை உறையிலிருந்து முழுவதும் எடுங்கள். விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் கை படட்டும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மேலோட்டமான மயிரிழைக் கோடுகள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை கேட்காது. ஒரு கோட்டின் மேல் நகத்தை மெல்ல ஓட்டும்போது நகம் தட்டினால், ஊசியும் தட்டும். பலகை வளைவு பார்ப்பதுபோல் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மெல்லிய தடங்கள் நிறைய இருந்தால், பலமுறை ஓடிய தட்டு.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் மழமழப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் கீறியோ குத்தியோ இருக்கும் எழுத்துகளும் எண்களும்தான் அந்தத் தட்டின் பிறப்புச் சான்றிதழ். அட்டை பொய் சொல்லலாம், யாராவது அட்டையை மாற்றிக்கூட வைத்திருக்கலாம். வளையத்தை மாற்ற முடியாது. 'ஸ்டெர்லிங்' என்று இருந்தால் நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்ட் ஒலிக்கூடத்தில் வெட்டியது, அதாவது நாடாவில் இருந்த ஒலியை அச்சுக்கான மூலத்தட்டில் பள்ளமாகச் செதுக்கியது. 'போர்க்கி' என்று இருந்தால் இங்கிலாந்தின் ஜார்ஜ் பெக்கம் கைவேலை. அதைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் படபடப்பு வரும், அவர் வெட்டிய தட்டுகளில் டிரம்ஸ் அறைக்குள்ளேயே நிற்கும். 1969-ல் வந்த 'லெட் ஸெப்பெலின் 2' அமெரிக்கப் பதிப்பில் 'ஆர்எல்' (RL) என்று இருந்தால் ராபர்ட் லட்விக் வெட்டியது. ஒலி அவ்வளவு முறுக்கோடு இருந்ததால் மலிவான பிளேயர்களில் ஊசி எகிறுகிறது என்று அதை நிறுத்திவிட்டு, அடக்கமாக மறுபடி வெட்டினார்கள். அதனால்தான் அந்த இரண்டெழுத்துக்கு இன்று அந்த விலை. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். அதை இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் எந்த நாடு, எந்த ஆண்டு என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

வளையத்தில் எழுத்து சரியில்லாமல், தட்டு பச்சையோ ஆரஞ்சோ ஆகி, மெல்லிய அட்டையில் சீன எழுத்தும் இருந்தால் அது பழைய தைவான் திருட்டுப் பதிப்பாக இருக்கலாம். தென்கிழக்காசியா முழுக்க 60-களிலும் 70-களிலும் பரவியவை அவை. நானும் இரண்டு வைத்திருக்கிறேன், நம் ஊர் இசைச் சரித்திரத்தில் அவற்றுக்கும் இடம் உண்டு. 10 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கலாம், 100 வெள்ளி கேட்டால் வேண்டாம்.

புதிய மறுபதிப்புகளில் '180 கிராம்' என்று ஸ்டிக்கர் பளபளக்கும். எடை கூடினால் தட்டு உறுதியாக இருக்கும்; ஒலி நன்றாக இருக்கும் என்பதற்கு அது சாட்சி இல்லை. எந்த நாடாவிலிருந்து, யார் வெட்டினார்கள் என்று அட்டையில் பெயர் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். பெருமையாகச் செய்தவர்கள் பெயர் போடுவார்கள். 'ரீமாஸ்டர்' வேறு, 'ரீமிக்ஸ்' வேறு என்பதும் நினைவிருக்கட்டும். முன்னது பழைய கலவைக்கே மெருகு. பின்னது கிட்டார், குரல், டிரம்ஸ் என்று தனித்தனியாகப் பிரித்து மறுபடி கலப்பது. பழகிய பாட்டில் திடீரென்று கிட்டார் வேறு பக்கம் கேட்டால் திகைக்க வேண்டாம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை விஷயத்தில் 'முதல் பதிப்பு' மோகத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். ராபர்ட் ஜான்சன் 1936-ல் சான் அன்டோனியோவிலும் 1937-ல் டல்லஸிலும் பாடியது 78 ஆர்.பி.எம். தட்டுகளுக்காக, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகளுக்காக. அவருக்கு எல்.பி. வந்ததே 1961-ல், அவர் இறந்து 23 ஆண்டு கழித்து. அதாவது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ப்ளூஸில் எல்.பி. எல்லாமே மறுபதிப்புதான். 1990-ல் வந்த முழுத் தொகுப்பை சிடியில் வாங்குங்கள், எந்தக் குறையும் இல்லை. மடி வாட்டர்ஸின் 1958 எல்.பி.யும் தனித்தனியாக வந்த பாட்டுகளின் தொகுப்புதான்.

நேரடிக் கச்சேரிப் பதிவுகளுக்கு வந்தால் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். கூட்டம் கத்தக் கத்த அடிக்கிறவர் வேகம் ஏறும். அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் கத்தும். பி.பி. கிங் 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் அரங்கில் பாடிய 'லைவ் அட் த ரீகல்' அதே மாதிரிதான். அவர் ஒரு நோட்டை இழுத்து நிறுத்தும்போது அரங்கில் பெண்கள் போடும் கூச்சலைக் கேளுங்கள், அதற்கு அவர் கிட்டார் பதில் சொல்வதையும் கேளுங்கள். ப்ளூஸில் முதலில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதைத்தான் சொல்வேன். அடுத்தது, மடி வாட்டர்ஸ் 1960-ல் நியூபோர்ட் இசைவிழாவில் பாடியது.

ராக்கில், ஆல்மன் பிரதர்ஸ் குழு 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தது. அதே கச்சேரிகளின் 33 நிமிட 'மவுன்டன் ஜாம்' அடுத்த ஆண்டு 'ஈட் எ பீச்' எல்.பி.யில் இரண்டு பக்கமாக வெட்டுப்பட்டு வந்தது. நடுவில் எழுந்துபோய்த் தட்டை மாற்றினால் மயக்கம் கலைந்துவிடும். இதை சிடியில் கேளுங்கள். கச்சேரிகளை முழுதாகக் கேட்க 2014-ல் வந்த ஆறு சிடி தொகுப்பு இருக்கிறது. டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்', 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று இரவுகளில் பதிவானது. எது எந்த இரவு என்று அட்டைக் குறிப்பை வைத்துக்கொண்டு கேட்டால் சுவை கூடும்.

பின்அட்டையில் எங்காவது பொடி எழுத்தில் 'வானொலி ஒலிபரப்பு' என்று இருந்தால் நிதானியுங்கள். பழைய எஃப்.எம். ஒலிபரப்பைப் பிடித்து, குழுவின் சம்மதமின்றி ஐரோப்பாவில் அச்சிடும் தட்டுகள் நிறைய உண்டு. அட்டை மினுமினுக்கும், ஒலி தகரமாக இருக்கும். ஒருமுறை 120 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன். கடைக்காரரிடம் முதலில் போட்டுக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

வாங்கியாயிற்று, சரி. நம் ஊர்ப் புழுக்கத்தில் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். புதிதாக வந்த பழைய தட்டை நேராக மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுங்கள். வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான துணியால் பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, மறுபடி வெறும் வடித்த நீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். 78 தட்டுகளில் ஆல்கஹால் படவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும். பழைய தடித்த பி.வி.சி. வெளியுறைகளையும் கழற்றி எறியுங்கள், நம் சூட்டில் அவை தட்டின் மேல் புகைபோல் படிந்து, கழுவினாலும் போகாது. நிற்கவைத்து அடுக்குங்கள், மேற்கு வெயில் சுடும் சுவரோரம் வேண்டாம். நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் காரில் வைத்திருந்த நல்ல ஜப்பானியத் தட்டு ஒன்று அப்பளமாக வளைந்துபோனது எனக்கு இன்றும் வலிக்கிறது. வாங்கினால் கையோடு எடுத்துக்கொண்டு சாப்பிடப் போங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு வையுங்கள். வாங்கிய தேதி, இடம், விலை, வளையத்தில் இருந்த எழுத்து. பென்சிலில் எழுதுங்கள், மை ஈரத்தில் பரவும். என் 'லைவ் அட் லீட்ஸ்' சீட்டில் விலை என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது.