கேட்டரிங் சேரப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

மே மாதம் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "பையன் கேட்டரிங் சேரணும்ங்கறான், எந்த காலேஜ் நல்லா இருக்கும்?" ஓட்டல் வேலையில் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. கடைசி ஐந்து வருடமாகப் புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நல்ல பிள்ளைகள் சின்னச் சின்னத் தவறுகளால் ஒன்றிரண்டு வருடத்தை இழப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, கட்டடத்தைப் பார்த்துச் சேர்வது. ஏசி வகுப்பறையும் '100 சதவீதம் வேலை உறுதி' பலகையும் எங்கேயும் இருக்கும். பயிற்சிச் சமையலறையைக் காட்டச் சொல்லுங்கள். ஓர் அடுப்புக்கு எத்தனை பிள்ளைகள், வாரத்தில் எத்தனை நாள் அடுப்பு எரிகிறது என்று கேளுங்கள். காய்கறிக்குப் பச்சை, பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம் என்று நறுக்கும் பலகைகள் நிறம் நிறமாக இருக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உறவுக்காரப் பெண்ணுக்காக ஓர் இடத்துக்குப் போயிருந்தபோது, அங்கே பலகைகள் வாங்கிய பிளாஸ்டிக் உறையோடு வரிசையாக நின்றன. மேலே ஒரு கத்திக் கோடு இல்லை. கட்டணத்தை விசாரிக்காமலே திரும்பி வந்தோம். கைப்பழக்கம் வராமல் இந்தத் தொழிலில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. அந்தப் பழக்கம் அடுப்படியில்தான் வரும்.

அடுத்தது, பட்டப்படிப்பு ஒன்றுதான் வழி என்று நினைத்துக் கடன் வாங்குவது. என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு ஓட்டல் நிர்வாகத்துக்கான பி.எஸ்சி. படிப்புக்குத்தான். சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் கல்லூரி, திருச்சி துவாக்குடியில் இருக்கும் மாநில அரசின் கல்லூரி போன்ற இடங்களில் குறுகிய காலச் சான்றிதழ், டிப்ளமோ படிப்புகளும் உண்டு. ஐ.டி.ஐ.யில் உணவு தயாரிப்பு, உணவு பரிமாறுதல், முன் அலுவலகம் (வரவேற்பு மேசை வேலை), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு) என்று ஒரு வருடப் பிரிவுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். எல்லா ஊரிலும் எல்லாப் பிரிவும் இருக்காது, விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் 1,000 ரூபாய் தனி. இதெல்லாம் தெரியாமல் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வந்து நிற்கும் பெற்றோரைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, சேர்ந்தாயிற்று. வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு 'செஃப்' ஆக வேண்டும். ஹவுஸ்கீப்பிங் என்றால் முகம் சுருங்கிவிடும். எங்களிடம் வந்த ஒரு பெண் முதல் வாரம் அழுதேவிட்டாள். "ரூம் கூட்டுறேன்னு அம்மாகிட்ட எப்படிக்கா சொல்றது?" அவளை ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, மெத்தை மேல் முக்கோணமாகப் போட்டு, கீழே தொங்கும் பகுதியைச் செருகி, முக்கோணத்தை இறக்கி மறுபடி செருக வேண்டும். மூலை 45 டிகிரிக் கோடாக, கடிதக் கவர் ஒட்டினாற்போல நிற்க வேண்டும். முதல் நாள் அவளுக்கு ஒரு கட்டிலுக்கு இருபது நிமிடம் ஆனது, மூலையும் உப்பிக்கொண்டு நின்றது. மூன்றாவது வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டாள். குளியலறைக் கண்ணாடியை நேராகப் பார்த்தால் கறை தெரியாது, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்க வேண்டும் என்பதை இன்று புதுப் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். அடுப்படியில் போட்டி அதிகம். இந்தப் பிரிவில் வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே கஷ்டம்.

மொழி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஆங்கிலம் வராது என்று வாயே திறக்காத பிள்ளைகள் ஒரு பக்கம். மனப்பாடம் செய்த நாலு வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு, விருந்தினர் திருப்பிக் கேட்டால் திகைத்து நிற்பவர்கள் இன்னொரு பக்கம். தெரியாததற்கு 'தெரியாது' என்று முடித்துவிடாமல், "ஒரு நிமிஷம், கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம், கேட்டதையெல்லாம் உண்மை என்று சொல்வது. சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் ஒரு பயிற்சிப் பையன், "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மாலை நாலு மணி. வெயிலுக்கு ஒதுங்கி அவர்கள் நின்றதே அந்த நிழலில்தான். கூட இருந்த சிறுமி கீழே பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. 1010இல் ராஜராஜன் எழுப்பிய, 200 அடிக்கும் மேல் உயர்ந்த கற்கோயில் அது. சுவரெல்லாம் கல்வெட்டு. கோயிலில் ஆடிய பெண்களின் பெயர்கள்கூட ஆளுக்கு ஒரு வீட்டோடு அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதைக் காட்டியிருந்தால் அந்தச் சிறுமி ஆயுளுக்கும் மறந்திருக்க மாட்டாள்.

ஓட்டலில் நேரடிப் பயிற்சிக் காலத்தை 'எப்படியாவது கையெழுத்து வாங்கினால் போதும்' என்று கழிப்பது பெரிய இழப்பு. ஊட்டி, கொடைக்கானலில் ஏப்ரல், மே சீசனில் சேர்ந்தால் ஆள் பற்றாக்குறையில் உங்களை ஒரே இடத்தில், பெரும்பாலும் பாத்திரம் கழுவும் பக்கம், நிறுத்திவிடுவார்கள். பிரிவு மாற்றித் தரும்படி மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். செய்த வேலையைக் குறித்துவைக்கும் லாக் புக்கை அன்றன்றைக்கு எழுதுங்கள். 'கிச்சனில் வேலை' என்று ஒரு வரி எழுதினால் நேர்முகத்தில் பேச எதுவும் இருக்காது. ஐந்து கிலோ வெங்காயம் நறுக்கியது, குழம்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் திரும்பச் சூடாக்கியது என்று எழுதினால் ஐந்து நிமிடம் பேசலாம். நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், மலிவான ஷூவில் பத்தே நாளில் பாதம் வெடித்துவிடும்.

அசல் சான்றிதழ்களைப் பயிற்சி நிறுவனத்திடமோ ஏஜென்ட்டிடமோ விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். படிப்பு முடிந்த கையோடு துபாய், கப்பல் வேலை என்று ஆசை காட்டி ஆட்கள் வருவார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பவருக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் உரிமம் வேண்டும், வேலை வாங்கித் தர உங்களிடம் பணம் கேட்கவே கூடாது. விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு பாஸ்போர்ட்டோடு எழுந்து வந்துவிடுங்கள்.