ராத்திரியில அவுட்டோர் கேமரா மங்கலா தெரியுதா? மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

பகல்ல கேட்டுக்கு வெளிய நிக்கிற ஆளோட முகம் பளிச்சுன்னு தெரியுது, இருட்டினதும் அதே கேமரா முன்னாடி யாரோ புகை போட்ட மாதிரி ஆயிடுதுன்னா, உடனே கேமரா போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. நிறைய நேரம் அதோட சொந்த வெளிச்சமே திரும்பி வந்து அது கண்ணுல அடிக்கிறதுதான் பிரச்சனை. லென்ஸ சுத்தி இருக்கிற ஐஆர் எல்இடி (கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் விடுற சின்ன விளக்கு) எல்லாம் ராத்திரிதான் எரியும், அலைநீளம் 850 நானோமீட்டர் வகைன்னா கிட்ட போய் பாத்தா லேசா சிவப்பா தெரியும், 940 வகைன்னா அதுவும் தெரியாது. அந்த வெளிச்சம் நேரா போய் ஆள் மேல பட்டு திரும்பி வரணும், வழியில ஒரு விரல் ரேகையோ ஒத்தை சிலந்தி நூலோ இருந்தா போதும், அங்கேயே பட்டு லென்ஸுக்குள்ள வந்துடும், படம் மொத்தமும் வெளுத்துப் போயிடும்.

ஏணி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மொபைல் ஆப்ல நிறைய நேரம் டேட்டா மிச்சம் பண்ண சப் ஸ்ட்ரீம்தான், அதாவது தரம் குறைச்ச வீடியோதான் ஓடும், அது எப்படியும் மங்கலாத்தான் இருக்கும். மெயின் ஸ்ட்ரீம், இல்ல எச்டின்னு இருக்கிறத போட்டு பதிவான வீடியோவ பெரிய திரையில பாருங்க, சரியா இருந்தா வேலை முடிஞ்சுது.

இல்லையா, அப்போ ஒரு டெஸ்ட் பண்ணுங்க, நான் யார் கேட்டாலும் முதல்ல இதைத்தான் சொல்லுவேன். ராத்திரி செட்டிங்ஸ்ல போய் ஐஆர் லைட்ட மட்டும் ஆஃப் பண்ணிட்டு, ஒருத்தர நல்ல டார்ச்சோட கேமராவுக்கு கொஞ்சம் தள்ளி நிக்க வெச்சு கேட் பக்கமா அடிக்கச் சொல்லுங்க, கேமரா மேல வெளிச்சம் படக்கூடாது. இப்போ படம் தெளிவாயிடுச்சுன்னா தப்பு பெரும்பாலும் ஐஆர் வெளிச்சம் திரும்பி வர்றதுல, இல்லன்னா ஐஆர்ல மட்டும் ஃபோகஸ் தள்ளிப் போறதுல. அப்பவும் மங்கலாவே இருந்தா ஃபோகஸ், இல்ல கண்ணாடிக்கு உள்ள ஈரம். இந்த ஒரு டெஸ்ட்ட விட்டுட்டு ஒவ்வொண்ணா கழட்ட ஆரம்பிச்சா நாள் முழுக்க போயிடும்.

வெளிச்சம் திரும்பி வருதுன்னா முதல்ல கண்ணாடிய சுத்தம் பண்ணணும், அதுவும் காஞ்ச துணிய வெச்சு தேய்க்காம, ஏன்னா மேல இருக்கிற தூசியே கீறல் போட்டுடும். முதல்ல ஊதி தூசிய தட்டுங்க, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணில ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு மைக்ரோஃபைபர் துணிய நனைச்சு மெதுவா துடைச்சு, இன்னொரு காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. டோம் கேமராவோட அரைக்கோள மூடி பிளாஸ்டிக், அதுல ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம், பொடிப்பொடியா வெடிப்பு விட்டுடும். புதுசா மாட்டினதா இருந்தா மேல ஒட்டி வர்ற மெல்லிசு பிளாஸ்டிக் தாள உரிச்சாங்களான்னும் பாருங்க, மறந்து விட்டுடுறவங்க நிறைய பேர். வெயில் பட்டு பட்டு மூடியே பழுப்பேறி மங்கிப் போயிருந்தா துடைச்சு பிரயோஜனம் இல்ல, மூடிய மாத்தணும்.

டோம் கேமரான்னா இன்னொண்ணு இருக்கு, எங்க வீட்டுல ரெண்டு மாசம் தொல்லை கொடுத்தது இதுதான். பாக்க வந்தவர் கேமராவே மாத்தணும்னு சொல்லிட்டார். எனக்கு மனசு கேக்கல, ஒரு ஞாயித்துக்கிழமை மூடிய கழட்டி உள்ள பாத்தேன். லென்ஸ சுத்தி கருப்பா ஒரு ஃபோம் வளையம் இருக்கும், மூடிய மாட்டினா அது மூடியோட உள்பக்கத்துல அழுந்தி ஒட்டி நிக்கணும், அதுதான் எல்இடி வெளிச்சம் மூடிக்குள்ளேயே பட்டு லென்ஸுக்குப் போகாம தடுக்கிற சுவர். எங்களோடதுல அந்த வளையம் ஒரு பக்கம் சரிஞ்சு ஒரு நகம் போற அளவுக்கு இடைவெளி, அவ்ளோதான். நேரா வெச்சு மூடிய மாட்டினேன், அன்னைக்கு ராத்திரி தெருக்கோடி வரைக்கும் தெரிஞ்சுது.

மூடியும் வளையமும் சரின்னா கேமராவுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு பாருங்க. சன்ஷேட், வெள்ளை சுவர், தூண், மழைநீர் குழாய் எது ஓரத்துல வந்தாலும் ஐஆர் அதுல பட்டு பிரகாசமா அடிக்கும், கேமராவும் வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சு மொத்தத்தையும் குறைச்சுக்கும், தூரத்துல இருக்கிறது இருட்டாயிடும். தூரம் ரெண்டு மடங்கு ஆனா போய் சேர்ற வெளிச்சம் நாலுல ஒரு பங்குதான், அதனால கிட்ட இருக்கிற ஒரு அடி சுவர் தூரத்து கேட்ட தோக்கடிச்சுடும். கேமராவ சில டிகிரி திருப்புங்க, இல்ல கொஞ்சம் முன்னாடி இழுத்து மாட்டுங்க. சிலந்தி திரும்பத் திரும்ப வலை கட்டுதுன்னா கேமரா எல்இடிய அணைச்சுட்டு தனியா ஒரு ஐஆர் லைட்ட சில அடி தள்ளி மாட்டுறது நல்லது, வலை கட்டினாலும் கேமராவுக்கு முன்னாடி வெளிச்சம் இருக்காது.

விடியற்காலைல மட்டும் மங்கி வெயில் வந்ததும் சரியாகுதுன்னா உள்ள ஈரம் போயிருக்கு. மழை இல்லாத நாள்ல திறந்து காய வெச்சு, சின்ன சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒண்ணு உள்ள வெச்சு, ரப்பர் வளையம் முறுக்காம உக்காந்திருக்கான்னு பாத்து மூடுங்க. கேபிள் நுழையிற ஓட்டையும் அடைச்சிருக்கணும், தண்ணி பெரும்பாலும் அந்த வழியாத்தான் வரும்.

இப்போ ஃபோகஸ். ஐஆர் வெளிச்சம் லென்ஸ்ல வளையிற அளவு பகல் வெளிச்சத்தோடது மாதிரி கிடையாது, அதனால பகல்ல கச்சிதமா வெச்ச ஃபோகஸ் ராத்திரி கொஞ்சம் தள்ளிப் போயிடும், விலை கம்மியான லென்ஸ்ல இது நல்லாவே தெரியும். அதனால ஃபோகஸ ராத்திரிலதான் வைக்கணும், ஐஆர் எரியும்போது, உங்களுக்கு முகம் தெரியவேண்டிய இடத்துல ஒருத்தர நிக்க வெச்சு. வேரிஃபோகல்னா (ஜூமும் ஃபோகஸும் கையால மாத்துற லென்ஸ்) திருகாணிய தளர்த்தி திருப்பலாம், மோட்டார் வகைன்னா ஆப்லயே பண்ணலாம், ஃபிக்ஸட் லென்ஸ்னா முன்மூடிய கழட்டி லென்ஸையே மயிரிழை அளவு திருப்பணும், சிலதுல பசை போட்டு வெச்சிருப்பாங்க, வாரண்டி இருந்தா அதைத் தொடாதீங்க. இருட்டுல ஏணி ஏறுறதால கீழ ஒருத்தர் கண்டிப்பா பிடிச்சுக்கணும்.

நிக்கிற பொருள் எல்லாம் தெளிவா இருக்கு, நடக்கிற ஆள் மட்டும் பேய் மாதிரி இழுபட்டு தெரியுதுன்னா அது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்குற நேரம். வெளிச்சம் பத்தலன்னா கேமரா ஷட்டர மெதுவாக்கிக்கும். மனுஷன் சாதாரணமா வினாடிக்கு சுமார் 1.4 மீட்டர் நடப்பான், ஷட்டர் 1/4 வினாடில இருந்தா ஒரே ஃப்ரேம்ல அவன் 35 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பான், முகம் எப்படி தெரியும்? 1/30க்கு மாத்துனா 5 சென்டிமீட்டருக்கும் கம்மி. படம் கொஞ்சம் இருட்டாகும், புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், பரவால்ல, ஆள அடையாளம் தெரியுறதுதான முக்கியம். அந்தப் புள்ளிகள அழிக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன் அதிகமா வெச்சிருந்தாலும் இதே மாதிரி வால் விடும், அதையும் பாதிக்கு கீழ இறக்கிப் பாருங்க.

இருட்டுற நேரத்துல சரியா கேமரா ரீஸ்டார்ட் ஆகுது, படம் துடிக்குதுன்னா கரண்ட் பத்தல. எல்இடி எரிய ஆரம்பிச்சதும் கரண்ட் இழுக்கிறது கூடும், நீளமான மெல்லிசு வயர்ல 12 வோல்ட் குறைஞ்சு போய் சேரும், அதனால கேமரா முனையில ராத்திரி வோல்ட் மீட்டர் வெச்சு பாக்கணும். பகல்ல இலை எல்லாம் ரோஸ் கலர்ல தெரிஞ்சாலோ, எல்இடி எரிஞ்சும் ராத்திரி படம் கும்மிருட்டா இருந்தாலோ உள்ள இருக்கிற ஐஆர் ஃபில்டர் (பகல்ல ஐஆர தடுத்து ராத்திரி விலகிக்கிற சின்ன கண்ணாடி) நகராம சிக்கிக்கிட்டிருக்கலாம், டே நைட் மோட நாலஞ்சு தடவ மாத்திப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் டிக்னு சத்தம் வரணும்.

ஒரு ராத்திரில ஒண்ண மட்டும் மாத்துங்க, மாத்தினதும் வீட்டுல ஒருத்தர கேட்லேர்ந்து வாசல் வரைக்கும் நடக்க விட்டு அந்தப் பதிவ பழசோட பக்கத்துல வெச்சு பாருங்க.